ஐலண்டர்: வைட் தீவில் பிறந்த இரட்டை எஞ்சின் விமானம் உருவான கதை

தாழப்பறவை:

நண்பர்களே, சின்ன விமானம் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் ட்வின் ஆட்டர் என்ற விமானத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அது 1965 மே 20-ல் முதன்முதலாகப் பறந்தது. அதற்குச் சரியாக 24 நாள் கழித்து, ஜூன் 13 அன்று, இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில், பெம்பிரிட்ஜ் என்ற ஊரிலிருந்து இன்னொரு விமானம் மேலே ஏறியது. பிரிட்டன்-நார்மன் பி.என்-2. பிறகு ஐலண்டர் என்று பெயர் வந்தது. நாலே நாளில் பாரிஸ் விமானக் கண்காட்சிக்குப் பறந்து போய் நின்றது. இதுவரை 1,200-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றித் தமிழில் பேச ஆளே இல்லையே என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது.

செய்தவர்கள் இரண்டு பேர்: ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன். டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1951-ல் ஒற்றை ஆள் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைத் தாங்களே கட்டிப் பறந்து பார்த்தார்கள். அது வியாபாரம் ஆகவில்லை. அடுத்து வயிற்றுப்பாட்டுக்கு அவர்கள் கையில் எடுத்தது மருந்தடிக்கும் தொழில். வாழைத் தோட்டம், பருத்திக் காடு என்று விமானத்தில் போய் மருந்து தெளிப்பது. அதற்கென்று காற்றில் சுழன்று மருந்தைச் சீரான துளிகளாகச் சிதறடிக்கும் ஒரு கருவியையும் உருவாக்கினார்கள். பிறகு ஹோவர்கிராஃப்ட், அதாவது காற்று மெத்தை மேல் மிதந்து போகும் வண்டி. அவர்களுடைய முதல் ஹோவர்கிராஃப்டே கேமரூன் நாட்டுத் தோட்டங்களிலிருந்து வாழைத்தாரை நசுங்காமல் வெளியே கொண்டுவர நினைத்துச் செய்ததுதான்.

அந்தக் கேமரூன் தொடர்புதான் ஐலண்டருக்கு விதை. அங்கே ஒரு சின்ன விமானக் கம்பெனியில் இவர்களுக்குப் பங்கு இருந்தது. அந்தக் காலத்தில் இந்த மாதிரி வழித்தடங்களில் ஓடிக்கொண்டிருந்தது 1934-ல் வந்த டிராகன் ராப்பிட்: மரச்சட்டத்தில் துணி போர்த்திய, மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டை இறக்கை வைத்த விமானம். முப்பது வயதாகிவிட்டது. மாற்றாக வாங்கப் போனால், கடையில் இருந்ததெல்லாம் முதலாளிமார் சொகுசாகப் போய்வர என்று செய்தவை. விலையும் அதிகம், பராமரிப்பும் அதிகம். எட்டுப் பத்துப் பேரை ஏற்றி, புல்தரையில் இறங்கி, ஒரே நாளில் பதினைந்து தடவை ஏறி இறங்க ஒன்றும் தோதாக இல்லை. 1963 வாக்கில் "நாமே செய்துவிடலாம்" என்று உட்கார்ந்தார்கள்.

என் கருத்து இதுதான்: இந்த விமானத்தின் முக்கால்வாசி வடிவமைப்பு, காகிதத்தில் முதல் கோடு போடுவதற்கு முன்பே கேமரூனில் முடிந்துவிட்டது. டிக்கெட் விற்று, பெட்ரோல் போட்டு, ரிப்பேர் பார்த்து நஷ்டப்பட்டவன் வரைந்த விமானம் இது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மேக்னட்டோ மணி:

தம்பி, நல்ல வேலை செஞ்சீங்க. நான் ஒரு தீவு நாட்டுல இந்த விமானத்தைத்தான் பதினோரு வருஷம் பார்த்துக்கிட்டேன். மெக்கானிக்கா போனவன், கையெழுத்து போடுற லைசென்ஸ் வாங்கித்தான் திரும்பினேன். நீங்க சொல்றதை நான் வேற பக்கத்துல இருந்து சொல்றேன்.

முதல்ல உள்ளே போய்ப் பாருங்க. நடைபாதையே கிடையாது. உள்ளகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். பைலட் பக்கத்துல ஒரு சீட்டு, அதுக்குப் பின்னால ரெண்டு ரெண்டு பேர் உட்கார்ற பெஞ்சு நாலு. பைலட்டோட சேர்த்து பத்துப் பேர். நடைபாதை இல்லேன்னா எப்படி ஏறுறது? கார்ல ஏறுற மாதிரி வெளியில இருந்துதான். இடப்பக்கம் ரெண்டு கதவு, வலப்பக்கம் ஒண்ணு. நடைபாதை வெச்சா உடம்பு அகலமாகும், அகலமானா காற்று எதிர்ப்பு கூடும், அதுக்குப் பெரிய எஞ்சின் வேணும், பெரிய எஞ்சினுக்குக் கூட பெட்ரோல் வேணும். ஒரு கதவைக் கூடுதலா வெச்சு இத்தனையையும் மிச்சம் பண்ணிட்டாங்க.

இறக்கையைப் பாருங்க. ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் ஒரே அகலம், பலகை மாதிரி. நுனிக்குப் போகப் போகச் சிறுத்தா பார்க்க அழகுதான். ஆனா உள்ள விலா எலும்பு மாதிரி இருக்கிற ஒவ்வொரு ரிப்பும் ஒவ்வொரு அளவாயிடும். இதுல ஒரே அச்சுல அடிச்சு அடிச்சு அடுக்கிட்டே போகலாம். சக்கரம் உள்ளே மடங்காது. எஞ்சினுக்குப் பின்னால இறக்கையில இருந்தே கால் நேரா இறங்குது, ஒவ்வொரு காலுக்கும் ரெட்டைச் சக்கரம். மடக்குறதுக்கு ஹைட்ராலிக் பம்பு, குழாய், பூட்டு, விளக்குன்னு ஒண்ணுமே இல்லை. இல்லாத சாமான் ரிப்பேர் ஆகாது.

சாயங்காலம் கடைசி டிரிப் முடிஞ்சதும் எங்க முதல் வேலை நல்ல தண்ணியில கழுவுறது. கடல் காத்து அலுமினியத்தைத் தின்னுடும். ஓஸ் பைப்பை இறக்கைக்கு அடியில பிடிச்சா உப்பு வெள்ளையா வழியும். அப்புறம் சக்கரக் காலுல ஷாக் அப்சார்பர் தண்டு பளபளன்னு தெரியுற இடம் ஒரு சாண் இருக்கும். அதைத் துணியால துடைக்கணும். அதுல மணல் ஒட்டிக்கிட்டே அடுத்த தடவை இறங்கினா சீலைக் கிழிச்சிடும், எண்ணெய் கசியும். பதினோரு வருஷம் தினமும் அந்த ஒரு சாண் தண்டைத் துடைச்சிருக்கேன். ஏணி வேணாம், தனிக் கருவி வேணாம், குனிஞ்சா கை எட்டும். அந்த எட்டுற தூரத்தையும் யாரோ யோசிச்சுத்தான் வெச்சிருக்கணும்.

ஏரோ மாணவி:

மணி ஐயா, தாழப்பறவை அண்ணா, இரண்டு பதிவுமே அருமை. ஆனால் "முக்கால்வாசி கேமரூனிலேயே முடிந்துவிட்டது" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் மாதிரி விமானம் பறந்தபோது அதில் இருந்தவை 210 குதிரைத்திறன் ரோல்ஸ்-ராய்ஸ் கான்டினென்டல் எஞ்சின்கள். இறக்கையின் நீளம் 45 அடி. சோதனையில் போதவில்லை, குறிப்பாக ஒரு எஞ்சின் நின்ற நிலையில். அதே 1965 டிசம்பருக்குள் எஞ்சினையே மாற்றி 260 குதிரைத்திறன் லைகமிங் ஓ-540 வைத்தார்கள். இறக்கையை 49 அடியாக நீட்டினார்கள். இன்று நாம் ஐலண்டர் என்று சொல்வது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான்.

இதன் கணக்கை எளிதாகச் சொல்கிறேன். வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேரும் ஆளுக்கு 26,000 சம்பாதிக்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 52,000. வீட்டுச் செலவு 22,000 போனால் 30,000 மிச்சம். ஒருவருக்கு வேலை போய்விட்டது. வருமானம் பாதியாகிறது, ஆனால் மிச்சம் பாதியாகாது. 26,000-ல் 22,000 போக 4,000 தான் நிற்கும். விமானம் மேலே ஏறுவது இந்த மிச்சத்தில்தான். மட்டமாகப் பறக்கவே பெரும்பகுதி சக்தி போய்விடுகிறது. போதாததற்கு, நின்றுபோன பக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்க ரட்டரை, அதாவது வாலில் திரும்பும் பலகையை, மிதித்துப் பிடித்தால் காற்று எதிர்ப்பு இன்னும் கூடும். வீட்டுச் செலவே 23,000 ஆகிவிடுவது போல.

பின்னால் வந்த பி.என்-2பி மாடலில் முழு எடையோடு இரண்டு எஞ்சினும் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 860 அடி ஏறும். ஒன்று நின்றால் சுமார் 145 அடி. 210 குதிரைத்திறனோடு விட்டிருந்தால் அந்த 145-ம் கிடைத்திருக்குமா? கேமரூன் அனுபவம் "என்ன வேண்டும்" என்று சொல்லிக் கொடுத்தது. "எவ்வளவு வேண்டும்" என்பதைச் சொன்னது சோதனைப் பறப்புதான்.

தாழப்பறவை:

ஒத்துக்கொள்கிறேன், தங்கை. முக்கால்வாசி என்று சொன்னது மிகைதான். எஞ்சின், இறக்கை நீளம் இரண்டும் பறந்த பிறகு கற்றுக்கொண்ட பாடம். ஆனால் ஒன்று கவனியுங்கள். எஞ்சின் மாறியது, நீளம் மாறியது. கதவு மாறவில்லை, சக்கரம் மாறவில்லை, பலகை இறக்கை மாறவில்லை. அவர்களுக்கு அனுபவம் இருந்த இடத்தில் முதல் கோடே சரியாக விழுந்திருக்கிறது.

அந்த முதல் மாதிரி விமானத்துக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1966 நவம்பரில் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து பகுதியில் ஓர் ஏரியில் விழுந்தது. ஓட்டிய பைலட் இறந்தார். அந்த ஆகஸ்டில்தான் இரண்டாவது மாதிரி பறக்கத் தொடங்கியிருந்தது. மிஞ்சியது அந்த ஒன்றுதான். இருந்தும் அடுத்த ஆகஸ்டில், 1967-ல், பிரிட்டன் நாட்டின் பறப்புத் தகுதிச் சான்றிதழை வாங்கினார்கள். முதல் வாடிக்கையாளருக்கு விமானம் போனதும் அதே மாதம். நம் ஊரில் ஒரு பாலம் கட்டுகிற காலத்தில் ஒரு விமானத்தை யோசித்து, கட்டி, ஆளையும் இழந்து, சான்றிதழ் வரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

மேக்னட்டோ மணி:

பாப்பா சொன்ன சம்பளக் கணக்கு நூத்துக்கு நூறு. நான் அதை எடை மிஷின்ல பார்த்திருக்கேன். எங்க ஊர்ல பயணிகளையே எடை போட்டுத்தான் ஏத்துவோம். பெட்டியைத் தனியா, ஆளைத் தனியா. கூச்சப்படுறவங்களுக்காக எடை காட்டுற முள்ளை எங்க பக்கம் திருப்பி வெச்சிருப்போம். பைலட் ஒரு நோட்டுல எழுதி, கனமான ஆளை முன்னாடி, லேசான ஆளைப் பின்னாடின்னு பெஞ்சு பெஞ்சா சொல்லுவார். நடு மத்தியானம் வெயில்ல காத்து இளகிப் போயிருக்கும். அந்த நேரத்துல ஒரு மூட்டை வெங்காயத்தை இறக்கி வெச்சுட்டு, அடுத்த டிரிப்புல வரும்னு சொல்லுவார். வெங்காயக்காரர் சண்டைக்கு வருவார். ஆனா அந்த மிச்சம் 4,000-ல கை வெக்கக் கூடாதுன்னு அந்த பைலட்டுக்குத் தெரியும்.

பாக்கடல்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு விமானம் பத்தி ஒண்ணும் தெரியாது, உச்சிப்புளி பக்கம். ஒரு சந்தேகம் கேக்கலாமா? எங்க ஊர்ல நேவியோட விமானத்தளம் இருக்கு. நான் சின்னப் பிள்ளையா இருக்கப்ப கடலுக்கு மேல தாழ்வா ஒரு விமானம் போகும். ரெண்டு எஞ்சின், இறக்கை மேல இருக்கும். மெதுவாப் போகும், ஆனா இரைச்சல் ஊரையே தூக்கும். அப்பா வள்ளத்துல இருக்கப்ப தலைக்கு மேல வந்து ஒரு சுத்து சுத்திட்டுப் போகுமாம். அது ஐலண்டரா, இல்ல இப்ப எல்லாரும் சொல்ற டார்னியரா?

தாழப்பறவை:

பாக்கடல், நல்ல கேள்வி. இந்தியக் கடற்படை 1970-களில் ஐலண்டர் வாங்கியது. கொச்சியிலும் போர்ட் பிளேரிலும் இருந்தன. உச்சிப்புளியிலிருந்தும் பறந்திருக்கின்றன. பிறகு அந்த வேலைக்கு டார்னியர் வந்தது. இரண்டுக்குமே இறக்கை மேலே, இரண்டுக்குமே இரண்டு எஞ்சின். அதனால் அந்த இரண்டு அடையாளத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

கடலைக் கண்காணிக்க ஐலண்டர் ஏன் தோதாக இருந்தது என்றால், இறக்கை தலைக்கு மேல் இருப்பதால் ஜன்னல் வழியாகக் கீழே பார்க்க எதுவும் மறைக்காது. மெதுவாகப் போக முடியும். ஆக, ஒரு வள்ளத்தை நின்று நிதானமாகப் பார்க்கலாம். இந்த வேலைக்கென்றே ஆயுதம் தாங்கும் வடிவம் ஒன்றும் செய்தார்கள், டிஃபெண்டர் என்று.

கணக்குப்பிள்ளை:

விமானத்தின் கதையை எல்லோரும் சொல்கிறீர்கள், பட்டறையின் கதையை யாரும் தொடவில்லையே. எனக்குத் தொழில் கணக்கு. நான் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஐலண்டர் விற்றது. வேண்டிய அளவுக்கு மேலேயே விற்றது. ஆர்டர் வந்து குவிந்தது. பெம்பிரிட்ஜ் பட்டறையோ சின்னது. வைட் தீவுக்கு எந்தச் சாமானும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். விமானத் தொழிலில் பணம் முதலில் போய்விடும்: அலுமினியம், எஞ்சின், புரொப்பல்லர், கூலி. விமானம் பறந்து போன பிறகுதான் முழுக்காசு கைக்கு வரும். ஆர்டர் இரண்டு மடங்கானால் முன்னே போடும் முதலும் இரண்டு மடங்கு. சொந்தக் கைமுதல் இல்லாதவனுக்கு நல்ல வியாபாரமே கழுத்தைப் பிடிக்கும். மளிகைக் கடையில்கூட இதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் ருமேனியா வருகிறது. பிரிட்டன் நாடு அப்போது ருமேனியாவுக்கு ஒன்-லெவன் ஜெட் விமானங்களை விற்க முயன்றுகொண்டிருந்தது. "எங்களிடமும் ஏதாவது வேலை கொடுங்கள்" என்று அவர்கள் கேட்டார்கள். அந்தப் பேச்சின் ஒரு பகுதியாக, 1968-ல் ஐலண்டரை புகாரெஸ்ட் நகரின் பனேயாசா தொழிற்சாலையில் கட்ட ஒப்பந்தம் ஆனது. முதல் ஒப்பந்தமே 215 விமானங்கள். 1969 ஆகஸ்டில் முதல் ருமேனிய ஐலண்டர் பறந்தது. பனிப்போர் உச்சத்தில், இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு நாட்டில் கட்டிய விமானம், இங்கிலாந்துக்குப் பறந்து வந்து, உள்ளே தேவையானதைப் பொருத்திக்கொண்டு உலகமெல்லாம் விற்பனைக்குப் போயிருக்கிறது.

இருந்தும் 1971 அக்டோபரில் கம்பெனி கடன்காரர்கள் கைக்குப் போய்விட்டது. 1972-ல் ஃபெய்ரி என்ற இங்கிலாந்துக் கம்பெனி வாங்கியது. உற்பத்தியின் ஒரு பகுதி பெல்ஜியத்தின் கோஸ்லிக்குப் போனது. 1977-ல் ஃபெய்ரியும் விழுந்தது. 1979-ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் வாங்கியது. அதற்குப் பிறகும் கை மாறியது. ஆக, விமானம் ஒரு தடவையும் தோற்கவில்லை, முதலாளிகள் வரிசையாகத் தோற்றார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. மற்றவர்களின் செலவைக் குறைக்கவே ஒரு விமானத்தை வரைந்தவர்கள், தங்கள் பட்டறையின் செலவுக்கு ஈடு கொடுக்க முடியாமல் போனார்கள். ஜான் பிரிட்டன் அதே 1977-ல் காலமானார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

ஏரோ மாணவி:

கணக்குப்பிள்ளை ஐயா, ருமேனியா ஒப்பந்தம் காப்பாற்றியதா, கவிழ்த்ததா? கட்டிய விமானத்துக்கெல்லாம் இவர்கள்தான் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது கழுத்தில் கல்தானே?

கணக்குப்பிள்ளை:

அம்மா, நான் காப்பாற்றியது என்பேன். கம்பெனியை அல்ல, விமானத்தை. பெம்பிரிட்ஜ் கம்பெனி பணமில்லாமல் தடுமாறிய நாட்களிலும் புகாரெஸ்டில் ரிவெட் அடிக்கும் சத்தம் நிற்கவில்லை. மொத்தத்தில் 500-க்கு மேல் அங்கேதான் கட்டினார்கள். 1974 முதல் பிலிப்பைன்ஸிலும் ஐலண்டரைப் பாகம் பொருத்திக் கட்டினார்கள். ஒரே பட்டறையை நம்பியிருந்தால் 1971-லேயே கதை முடிந்திருக்கும். மணி ஐயா சொன்ன ஒரே அச்சு ரிப்பு இருக்கிறதே, அதனால்தான் வேறு மொழி பேசுகிற, வேறு பழக்கமுள்ள தொழிலாளிகள் கையிலும் அது பிசகாமல் வந்தது. நுணுக்கமான விமானமாக இருந்திருந்தால் இப்படித் தூக்கிக்கொண்டு போய்க் கட்டியிருக்க முடியாது.

தாழப்பறவை:

இதை நான் யோசித்ததே இல்லை. அருமை.

இடையில் ட்ரைஐலண்டர் என்ற கிளைக்கதையும் இருக்கிறது. இன்னும் அதிகம் பேரை ஏற்ற வேண்டும் என்று கேட்டார்கள். 1968-ல் இரண்டாவது மாதிரி விமானத்தின் உடம்பை நீட்டிப் பார்த்தார்கள். இரண்டு எஞ்சினுக்கு அது பாரம். பெரிய எஞ்சின் வைக்கலாம், ஆனால் விலை ஏறும், உதிரி பாகமெல்லாம் மாறும். அவர்கள் செய்தது என்ன தெரியுமா? கையில் இருந்த அதே 260 குதிரைத்திறன் எஞ்சினில் மூன்றாவதாக ஒன்றை எடுத்து, வால் துடுப்பின் மேல் கொண்டுபோய் வைத்தார்கள். 17 பயணிகள். 1970 செப்டம்பர் 11 அன்று முதன்முதலாகப் பறந்தது, அன்றைக்கே ஃபார்ன்பரோ கண்காட்சிக்கும் போய்விட்டது. சேனல் தீவுகளில் 2017 வரை ஓடியது. மொத்தம் எழுபது சொச்சம்தான் கட்டினார்கள். படத்தில் பார்த்தால் கோயில் கோபுரத்தின் மேல் ஜெனரேட்டரை ஏற்றி வைத்தது போல் இருக்கும். எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

மேக்னட்டோ மணி:

தம்பி, அழகு சரி. அந்த மூணாவது எஞ்சினுக்கு ஏணி வெச்சு ஏறிப் பிளக் மாத்துறவன் கிட்ட கேளுங்க. குனிஞ்சா கை எட்டுறதுதான் இந்த விமானத்தோட குணம். அதை அங்க விட்டுட்டாங்க. எழுபதோட நின்னதுக்கு வேற காரணமும் இருக்கலாம், நான் என் பக்கத்தை மட்டும் சொல்றேன்.

வடகடல்:

வணக்கம். நான் ஸ்காட்லாந்தில் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் போகும் விமானத்தில் நான் போயிருக்கிறேன். லோகன்ஏர் என்ற ஸ்காட்லாந்து விமானக் கம்பெனி 1967-ல் தொடங்கிய சேவை. உலகத்திலேயே மிகக் குறைந்த தூரம் போகும் பயணிகள் விமான சேவை அதுதான். 2.7 கிலோமீட்டர். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. காற்று வாகாக அமைந்த ஒரு நாளில் 53 விநாடியில் போனதுதான் சாதனை.

எனக்கு பைலட் பக்கத்து இருக்கை கிடைத்தது. என் முழங்காலுக்கு முன்னால் ஸ்டியரிங் இருந்தது, தொடாமல் கையை மடியில் கட்டிக்கொண்டேன். எஞ்சினைக் கூட்டியதும் கதவு, ஜன்னல், என் பல் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தது. புல்லில் மேய்ந்த ஆடு நிமிர்ந்து பார்க்கும் முன்னே தரையை விட்டுவிட்டோம். கீழே கடல், வெள்ளை நுரை. பைலட் ஏற்றம் முடித்து மட்டமாக்கவே இல்லை. ஏறி, அப்படியே இறக்கத்துக்குத் திருப்பிவிட்டார். பின் பெஞ்சில் ஒரு பாட்டி, கண் பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர். பயணம் முழுக்க மடியில் இருந்த பையிலிருந்து கையை எடுக்கவில்லை. நாம் டவுன் பஸ்ஸில் போவது மாதிரி அவருக்கு அது.

என்னைப் போன்றவர்களுக்கு இந்த விமானத்தின் வளர்ச்சி வரலாறு என்றால் அந்தப் பாட்டிதான். அந்தத் தீவுகளில் நோயாளிகளைத் தூக்கி வரவும் பல வருடம் ஐலண்டரே ஓடியது.

ஏரோ மாணவி:

வடகடல் அக்கா, உங்கள் பயணத்தில் சக்கரம் மடங்காததற்கான விடையும் இருக்கிறது. வகுப்பில் எப்போதும் "மடக்கினால் வேகம் கூடும்" என்று படிக்கிறோம். 50 கிலோமீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போட்டேன். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் பன்னிரண்டரை நிமிடம். சக்கரத்தை மடக்கி 280 ஆக்கினால் ஏறக்குறைய பத்தே முக்கால். மிச்சம் இரண்டு நிமிடம்கூட இல்லை. 2.7 கிலோமீட்டருக்கு மடக்கி முடிக்கும் முன் இறங்க வேண்டியிருக்கும்.

டர்பைன் எஞ்சின் வைத்த ஐலண்டரும் உண்டு அல்லவா? அது எப்படி வந்தது?

மேக்னட்டோ மணி:

அதுக்குப் பெட்ரோல்தான் காரணம், பாப்பா. லைகமிங் எஞ்சினுக்கு வேணும்கிற பெட்ரோல் வேற, அது நீல நிறத்துல இருக்கும். காலையில முதல் வேலை, இறக்கைக்கு அடியில இருக்கிற வடிகாலைத் திறந்து கண்ணாடிக் குவளையில கொஞ்சம் பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கிறது. நீலமா, தெளிவா இருக்கணும். தண்ணி கலந்திருந்தா அடியில முத்து மாதிரி தனியா உருண்டு நிக்கும். இந்தப் பெட்ரோல் பெரிய ஊர் விமான நிலையத்துலயே கிடைக்கிறது கஷ்டம். எங்க தீவுக்கு பேரல்ல கப்பல்ல வரும். கப்பல் தாமதமானா விமானம் நிக்கும். ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் ஜாதி, அது எங்கேயும் கிடைக்கும். டர்பைன் வெச்சா அதையே ஊத்திக்கலாம்.

1977-ல லைகமிங்கோட 600 குதிரைத்திறன் டர்பைனை வெச்சுப் பார்த்தாங்க. அந்த உடம்புக்கு அது ரொம்ப அதிகம். அப்புறம் அல்லிசன் 250 எஞ்சினை எடுத்து, அதையும் 320-க்கு அடக்கி வெச்சாங்க. 1980 ஆகஸ்ட் 2-ல பறந்தது. எஞ்சின் லேசு, அதிர்வு குறைவு. ஆனா விலையைப் பார்த்துட்டு எங்க முதலாளி வேணாம்னுட்டார். ராணுவம், போலீஸ் மாதிரி ஆளுங்கதான் அதிகம் வாங்கினாங்க.

இரைச்சலைப் பத்தி பாக்கடல் தம்பி சொன்னாரே, அது உண்மை. அதையும் குறைக்கப் பார்த்தாங்க. 1977-ல ஒரு ஐலண்டருக்கு புரொப்பல்லரை எடுத்துட்டு, வளையத்துக்குள்ள சுத்துற விசிறி மாதிரி ஒண்ணை மாட்டிப் பறந்து பார்த்தாங்க. உற்பத்திக்கு வரலை.

கணக்குப்பிள்ளை:

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐலண்டரில் ஹைட்ரஜன் மின்கலம் வைத்துப் பறக்கவைக்கும் திட்டம் ஒன்றை இங்கிலாந்தில் தொடங்கினார்கள். ஓர்க்னியில் முதலில் விமான சேவை நடத்திய கேப்டன் ஃப்ரெசன் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். குட்டிக் குட்டித் தூரம் பறப்பதால் மின்சாரத்துக்குத் தோதான விமானம் என்று மறுபடியும் இதையே தேடி வந்திருக்கிறார்கள். உற்பத்தியையும் ருமேனியாவிலிருந்து பெம்பிரிட்ஜுக்கே திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பட்டறையில் மறுபடி ரிவெட் சத்தம். ஜான் பிரிட்டனும் இல்லை, 2002-ல் நார்மனும் போய்விட்டார். கேட்க அவர்கள் இருந்திருக்கலாம்.

மேக்னட்டோ மணி:

பாக்கடல் தம்பி, உங்க கேள்விக்கு முழுசா பதில் வரலை. நான் ஒரு வழி சொல்றேன். டார்னியர் மேல ஏறினதும் சக்கரத்தை வயித்துப் பக்கம் உள்ளே இழுத்துக்கும். ஐலண்டருக்கு எப்பவும் கால் தொங்கிட்டே இருக்கும். அதுவும் எஞ்சினுக்குப் பின்னால, பக்கத்துக்கு ரெண்டு சக்கரம். அப்பா வள்ளத்துல இருந்து அண்ணாந்து பார்த்திருக்கார்ல, அவர்கிட்ட கால் தெரிஞ்சுதான்னு கேளுங்க. வேற எதையும் சொல்லிக் கொடுக்காதீங்க.

பாக்கடல்:

மணி ஐயா, நேத்து ராத்திரி கேட்டேன். வலை பிரிச்சுக்கிட்டே இருந்தாரு. நான் சக்கரம்னு சொல்லவே இல்லை, "அந்த விமானத்துக்குக் கீழ என்ன தெரியும்பா"ன்னு மட்டும் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "நண்டுக்காலு மாதிரி தொங்கும்டா, அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு"ன்னாரு.